சாடை தெரிந்த லெஸ்லி அண்ணை

"இந்த மூலையில் எழுத்துத் தெரியவில்லை" என்கிறார் ஒரு முதியவர், கூரையை அண்ணாந்து பார்த்தபடி. பக்கத்தில் யாரும் இல்லை. கூரைக்குத்தான் சொல்கிறார். பத்தடி தள்ளிச் சுவரோடு நின்ற லெஸ்லி அண்ணை, அதைக் காதில் வாங்காதவர்போல மெல்ல நடந்து போய் மூலை விளக்கைப் போட்டுவிட்டு, ஏதோ சொந்த வேலையாக வந்தவர்போல அங்கே இல்லாத தூசியைத் தட்டுகிறார். முதியவர் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார். நன்றி சொல்லவில்லை. கேட்கவேயில்லை, பிறகு எதற்கு நன்றி?

ரொறொன்ரோவில், பாதர்ஸ்ட் வீதியில் உள்ள சிறியதொரு யூத செபக்கூடத்தின் சனிக்கிழமைக் காலை இது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். விளக்கைத் தொடக்கூடாது, அடுப்பைத் தொடக்கூடாது, மின்சாரத்தில் ஓடும் எதையும் தொடக்கூடாது. இன்னொருவரைப் பார்த்து "இதைச் செய்" என்று ஏவவும் கூடாது. ஆனால் இருட்டாக இருக்கிறதே என்று பொதுவாக வருத்தப்படுவதை யாரும் தடுக்கவில்லை. அந்த வருத்தத்தைக் காதில் வாங்கி ஆவன செய்யத்தான் லெஸ்லி அண்ணை பதினான்கு வருடமாக அங்கே கட்டடப் பராமரிப்பாளராக இருக்கிறார்.

அவர் குடியிருக்கும் மோர்னிங்சைட்டில் யாராவது வேலையை விசாரித்தால், "நான் ஒரு கோயில் பாக்கிறன்" என்பார். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கன் எப்போது முருகனிடம் போனான் என்று கேட்டவர் குழம்புவார். குழம்பட்டும் என்று விட்டுவிட்டுத் தேநீரைக் குடிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

சேர்ந்த புதிதில் இந்தச் சாடை விளங்காமல் ஒரு கூத்து நடந்தது. செபக்கூடத்தின் தலைவர் கப்லான், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், ஒரு சனிக்கிழமை வந்து, உள்ளே மிகவும் சூடாக இருக்கிறது என்றார். லெஸ்லி மரியாதையாக ஆமாம் சேர் என்றார். ஐந்து நிமிடம் கழித்து வந்து, பயங்கரச் சூடு என்றார். எங்கள் ஊரில் இதைவிடச் சூடு சேர் என்று லெஸ்லி ஆறுதல் சொன்னார். மூன்றாம் முறை கப்லான் நெற்றியைத் துடைத்துக் காட்டியபோது, நல்ல மனிதர், பேச்சுத் துணைக்கு வருகிறார் என்று எண்ணி, ஊர்காவற்றுறையின் வெயில், உப்புக் காற்று, கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லி முடித்தார். அன்றைக்கு நாற்பது பேர் வியர்வையில் குளித்தபடி கடவுளைத் தொழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய குரு ராபி கூப்பிட்டு வழக்கத்தை விளக்கியதும் லெஸ்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட சனம் கலியாண வீட்டில கதைக்கிறது முழுக்க உதுதானே" என்று அன்று வீட்டில் வந்து சொன்னார்.

அதன் பிறகு அவரை வெல்ல ஆளில்லை. ஒருவர் பெருமூச்சு விட்டாலே அது குளிருக்கா சூட்டுக்கா என்று பிரித்தறிவார். மனைவி றீற்றாவுக்கு இதில் நல்ல லாபம். "குப்பை வாளி நிரம்பிப்போச்சு" என்று ஜன்னலுக்குச் சொன்னால் போதும், சோபாவில் கிடந்தவர் எழுந்துவிடுவார். நேரே சொன்னால்தான் பிரச்சினை. பாப்பம் என்று சொல்லி மறுபக்கம் திரும்பிப் படுப்பார்.

சாப்பாடுதான் அவருடைய ஒரே கஷ்டம். தீவில் பிறந்த ஒருவனுக்கு நண்டும் இறாலும் இல்லாமல் நாள் போகாது. செபக்கூடத்தாருக்கோ கடலில் துடுப்பும் செதிளும் இல்லாத எதுவும் ஆகாது. வெளிச்சாப்பாடு எதுவும் வாசற்படி தாண்டக்கூடாது. ஆகவே தினமும் பன்னிரண்டு மணிக்கு லெஸ்லி வாகனத் தரிப்பிடத்தில் தன் பழைய கொரோலாக் காருக்குள் குந்தியிருந்து, கண்ணாடி முழுக்க ஆவி படிய, நண்டுக் கறி சாப்பிடுவார். பிறகு ஈரத் துணியால் கை துடைத்து, வாய் கொப்பளித்து, இரண்டு ஏலக்காய் மென்றுவிட்டு உள்ளே போவார். இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது என்பதால் அங்கே சமையலறையில் இறைச்சிப் பாத்திரத்துக்குச் சிவப்புப் பஞ்சு, பால் பாத்திரத்துக்கு நீலப் பஞ்சு. அந்தப் பழக்கம் வீடுவரை வந்து, ஒருநாள் தயிர்ச் சட்டியைச் சிவப்புப் பஞ்சால் தேய்த்ததற்காக றீற்றாவை ஏசி, அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது சனிக்கிழமையின் எபிரேய மெட்டு அவர் வாயில் தானாக வரும். முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர்தான் கடந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை தன் வேலைக்கே உலை வைத்துக்கொண்டார்.

விடிய ஆறு மணிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது முதற்பனி கணுக்கால் அளவுக்கு விழுந்திருந்தது. நடையோர ஜன்னல் ஒன்று உடைந்து உள்ளே கல் கிடந்தது. வாசற்கதவில் சிவப்பு வர்ணத்தால் நாஜிகளின் சின்னமும், அதன் கீழே இரண்டு வரியும் எழுதியிருந்தார்கள். அந்த ஆங்கிலம் லெஸ்லிக்கு நன்றாகவே விளங்கியது. தூர தேசத்து யுத்தம் ஒன்றின் கோபத்தை இந்தக் கதவில் வந்து தீர்த்திருக்கிறார்கள். இங்கே வருவது முழங்கால் வலிக்காரரும் தள்ளுவண்டிக் குழந்தைகளும்.

எட்டு மணிக்குச் செபக்கூடத்துச் சிறுவர் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிடும். லெஸ்லி யோசிக்கவில்லை. வர்ணம் அழிக்கும் தின்னரையும் கம்பித் தூரிகையையும் எடுத்தார். ஒரு மணி நேரம், விரல் மரத்துப் போகும்வரை, தேய்த்தார். உடைந்த கண்ணாடியை ஒரு பொடி விடாமல் கூட்டி அள்ளினார். ஜன்னலுக்கு மட்டை அடித்தார். வாசலிலிருந்து தெருவரை பனியைத் தள்ளி உப்புப் போட்டார். கல் நல்ல கல்லாக இருந்தபடியால், அதைக் கொண்டுபோய்ப் பூச்சாடியின் ஓரத்தில் மற்றக் கல்லுகளோடு அழகாக அடுக்கினார். பிறகுதான் கப்லானுக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு விஷயம் நடந்தது, ஆனால் இப்போது இல்லை என்று பெருமையோடு சொன்னார்.

பொலிஸ் வந்தது. பெண் அதிகாரி ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு கதவைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் அது அவ்வளவு சுத்தமாக இருந்ததேயில்லை. பனியில் காலடி ஏதும் இருந்ததா என்று கேட்டார். தள்ளிவிட்டேன் என்றார் லெஸ்லி. கல்? பூச்சாடியில் இருக்கிறது, எது என்றுதான் இப்போது சரியாகச் சொல்ல முடியாது. படம் எடுத்தீர்களா? இல்லை. அதிகாரி புத்தகத்தை மூடிய விதத்திலேயே தான் செய்தது என்னவென்று லெஸ்லிக்கு விளங்கத் தொடங்கியது. வாசல் கமராவிலும் ஒரு முக்காடும் முதுகும் மட்டுமே விழுந்திருந்தன.

"லெஸ்லி, நாங்கள் இனி யாரிடம் எதைக் காட்டுவது?" என்று கேட்டார் கப்லான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அன்று மாலை றீற்றாவும் அதையே வேறு விதமாகக் கேட்டார். "உங்களை ஆரப்பா துடைக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். நானாத்தானே எல்லாம் செய்யிறனான்" என்றார் லெஸ்லி. சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். முதல்ல ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே அப்பா என்று மகள் ஜூலி சொன்னதும் சோற்றை அரைவாசியில் விட்டு எழுந்து போனார்.

அந்த வாரம் முழுவதும் செபக்கூடம் பேச்சுச் சத்தத்தால் நிறைந்திருந்தது. வேலி போட வேண்டும் என்றார் ஒருவர். வேலி போட்டால் அவன் வென்றுவிட்டான் என்றார் இன்னொருவர். பத்திரிகையைக் கூப்பிடுவோம் என்றது ஒரு கட்சி. கூப்பிட்டால் இன்னொருவனுக்கு யோசனை சொல்லிக் கொடுத்ததாகும் என்றது மறு கட்சி. ஒரு தாய் தன் மகன் சுரங்க ரயிலில், யூதன் என்று காட்டும் வட்டத் துணியான தலைச் சின்னத்துக்கு மேலே பேஸ்போல் தொப்பி போடுகிறான், அதை எடு என்று சொல்லவும் பயம், போடு என்று சொல்லவும் வெட்கம் என்று அழுதார். பிறகு எல்லோரும் கோப்பி குடித்தார்கள், மறுபடி சண்டை பிடித்தார்கள். நம்முடைய சங்கக் கூட்டங்களைப் பார்த்த லெஸ்லிக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. இங்கே யாரும் கதிரையைத் தூக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அயலவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எதிரே உள்ள தேவாலயத்தார் பூக்கள் கொண்டுவந்தார்கள். மாடிக் குடியிருப்புக்காரர்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், டோனட் வாங்கி வந்தார்கள். புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஏழு பெட்டி. அந்தக் கடைப் பலகாரம் எதுவும் இவர்களுடைய உணவு விதிக்குச் சரிவராது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கப்லான் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக் கண் கலங்கி நன்றி சொல்ல, பின்னாலேயே லெஸ்லி பெட்டிகளைக் கொரோலாவுக்குக் கடத்தினார். மோர்னிங்சைட்டில் அவருடைய மாடி முழுக்க இரண்டு நாளாக டோனட் தின்றது.

அதே புதன்கிழமை பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் வந்தார். கட்டடத்தை அளந்தார், கதவுகளைத் தட்டினார், லெஸ்லியின் சாவி வளையத்தில் எத்தனை திறப்பு இருக்கிறது என்று கேட்டார். பதினொன்று என்றதும் புருவத்தைத் தூக்கிக் குறித்துக்கொண்டார். இனிச் சாதாரணப் பூட்டுகள் இருக்காது, அட்டை காட்டித் திறக்கும் மின்பூட்டு வரும், வாசலில் காவலர் நிற்பார், துப்புரவுக்கு வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து போகும் என்று தன் திட்டத்தை ஒளிக்காமல் சொன்னார். நிர்வாக சபை ஒப்புக்கொண்டால் திங்கட்கிழமை திறப்புகளை ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கும்படியும் சொன்னார். நல்லபடியாகத்தான் சொன்னார். ஐம்பத்தொன்பது வயதில் வேலை போவது ஒருபுறம் இருக்க, தடயத்தை அழித்தவன் என்ற பெயரோடு அந்தப் படியிறங்குவதை லெஸ்லியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர் பாத்திர அறையில் பஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மிஸிஸ் லாண்டாவ் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வயது தொண்ணூற்றொன்று, ஹங்கேரியில் பிறந்தவர், செபக்கூடத்தில் எல்லோருக்கும் அவரில் பயம், லெஸ்லிக்கு மட்டும் இல்லை. ஏன் துடைத்தாய் என்று கேட்டார். மற்றவர்கள் கேட்டபோது வராத பதில் அவரிடம் வந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டு ஊரில் லெஸ்லி வீட்டு மதிலில் யாரோ போராளி இயக்கச் சுலோகம் எழுதிவிட்டுப் போனார்கள். விடிந்து பார்ப்பதற்குள் இலங்கை ஆமி வந்துவிட்டது. யார் எழுதியது என்று கேட்கவில்லை. யாருடைய மதில் என்றுதான் கேட்டார்கள். தமையனைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தவனுக்கு இன்றுவரை இடது காது கேளாது. அன்றிலிருந்து லெஸ்லிக்குச் சுவரில் எழுத்து என்றால் விடியமுன் அழிக்கவேண்டும், வேறு எதுவும் தோன்றாது.

மிஸிஸ் லாண்டாவ் தடியைச் சுவரில் சாய்த்தார். "என் அப்பாவுக்கு ஒரு துணிக்கடை இருந்தது" என்றார் பிறகு. "யூதரைத் திட்டிக் கடைக் கண்ணாடியில் எழுதுவார்கள். அம்மா எழும்பமுன் அவர் வினாகிரி போட்டுத் துடைத்துவிடுவார். ஒவ்வொரு கிழமையும் துடைத்தார். அந்தக் கடைத்தெருவில் ஒருவருக்கும் எதுவும் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் ஒருவராவது உதவிக்கு வந்திருப்பாரோ என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்."

பிறகு கைப்பையிலிருந்து பேனா எடுத்து, கதவில் இருந்ததை அப்படியே எழுதித் தரும்படி கேட்டார். லெஸ்லி மாட்டேன் என்றார். அதைத் தன் கையால் எழுதி, இந்த அம்மா முன்னால் வைப்பதா? "என்னைப் பற்றித்தானே எழுதினான், நான் வாசிக்கக் கூடாதா?" என்றார் அவர். டோனட் பெட்டியின் மூடி ஒன்றைக் கிழித்து, சின்னம் இருந்த இடம், வரிகள் இருந்த இடம், வர்ணம் வழிந்த பக்கம் எல்லாவற்றையும் லெஸ்லி எழுதினார். ஒரு மணி நேரம் முகத்துக்கு நேரே வைத்துத் தேய்த்த எழுத்து, ஒன்றும் மறக்கவில்லை. மிஸிஸ் லாண்டாவ் இரண்டு முறை வாசித்து, மடித்து, பொலிஸுக்குக் கொடுக்கச் சொல்லிக் கப்லானிடம் அனுப்பினார். ஒரு பிரதியைப் பெரிதாக்கிச் சபை அறையில் மாட்டவும் சொன்னாராம்.

வியாழன் தொடங்கிய சபைக் கூட்டம் முடியாமல் வெள்ளிக்கிழமைக்கு நீண்டது. நவம்பரில் சூரியனுக்கு அவசரம்; ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். நாலேகாலுக்குக் கதவு திறந்து சபையார் பத்துப் பேரும் தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுபவர்கள்போல ஓடினார்கள்; வீட்டில் மெழுகுதிரி ஏற்றமுன் போய்ச் சேரவேண்டும். லெஸ்லி நடையில் கைகட்டி நின்றார். கப்லான் ஒரு கையில் கோட்டோடு, மறு கை மணிக்கூட்டைப் பார்த்தபடி அவரைக் கடந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, மணியைப் பார்த்து, ஓய்வுநாள் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார். இனிச் சனிக்கிழமை இருட்டும்வரை வேலை, சம்பளம், கொடுக்கல் வாங்கல் எதைப் பற்றியும் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். தன் தலையெழுத்து அந்தப் பத்து வாய்க்குள்ளும் பூட்டிக் கிடக்க, லெஸ்லி வீட்டுக்குப் போனார். "என்னவாம்?" என்று கேட்ட றீற்றாவுக்கு, "நாளைக்கு இருட்டினாப் பிறகுதான் தெரியும்" என்றார். "இதென்ன பரீட்சை மறுமொழியே?" என்று றீற்றா நண்டை உடைத்து அவர் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

சனிக்கிழமை வந்த கூட்டத்தை லெஸ்லி எதிர்பார்க்கவில்லை. யாரும் எதிர்பார்க்கவில்லை. பத்து வருடமாகத் தலை காட்டாதவர்கள் வந்தார்கள். தொப்பிக்காரப் பையன் தொப்பி இல்லாமல், தலைச் சின்னத்தோடு வந்தான். வேலி கேட்டவரும் வேலி வேண்டாம் என்றவரும் சேர்ந்தே வந்தார்கள், வாசலில் புதிதாக நின்ற காவலருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு. "நிறையப் பேர் நிற்கிறார்கள்" என்று ஒருவர் சுவருக்குச் சொன்னார். லெஸ்லி நிலக்கீழ் அறையிலிருந்து மடிப்புக் கதிரைகளை ஆறு ஆறாகச் சுமந்து வந்தார். "இன்னும் நிற்கிறார்கள்" என்றது சுவரிடம் இன்னொரு குரல். எழுபது கதிரை போட்டு முடிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. இவ்வளவு பேருக்கு இனி யார் கதிரை போடுவார்கள்?

கப்லான் வந்தார். லெஸ்லியைக் கண்டதும் உதட்டை இறுக மூடிக்கொண்டு நேரே உள்ளே போனார். விதிமுறையில் அவரைப்போல் கறாரானவர் இல்லை. அந்த மூடிய உதட்டை லெஸ்லி கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொண்டார்.

கடைசியாக வந்தவர் மிஸிஸ் லாண்டாவ். நடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்து, பனிச் சப்பாத்தைக் கழற்றப் போனவர் கழற்றாமல் நிறுத்தி, அதனுடனேயே பேசத் தொடங்கினார்.

"கூட்டத்தில் ஒரு பூட்டின் படம் காட்டினார்கள்" என்றார் சப்பாத்துக்கு. "நல்ல அழகான பூட்டு. அட்டையைக் காட்டினால் மின்சாரத்தில் திறக்குமாம். ஆட்கள் அதிகம் வருவது சனிக்கிழமை. சனிக்கிழமை அதைத் தொட எங்களில் ஒருவருக்கும் கை கிடையாது. அந்தக் கெட்டிக்காரன் அதை யோசிக்கவில்லை. நான் கேட்டேன், எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்."

உள்ளே போன கப்லான் எப்போது திரும்பி வந்தாரோ, கதவோரம் நின்று தொண்டையைச் செருமி, இன்று ஓய்வுநாள் என்று ஞாபகப்படுத்தினார்.

"பூட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். யாருடைய வேலையைப் பற்றியாவது பேசினேனா?" என்ற மிஸிஸ் லாண்டாவ் மறுபடி சப்பாத்திடம் திரும்பினார். "பழைய பூட்டுத்தான் நல்லது. அதற்குக் கையும் வேண்டும், ஆளும் வேண்டும். இனி ஏதாவது கண்டால் முதலில் படம் எடுக்கிற ஆள்."

கப்லான் தரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் தாடி ஆடியது. பிறகு மிஸிஸ் லாண்டாவுக்குக் கை கொடுத்து எழுப்பி உள்ளே கூட்டிப் போனார். பாட்டு ஆரம்பித்தது, அவ்வளவு பேர் சேர்ந்து பாடி அந்தச் சுவர்கள் கேட்டதில்லை.

லெஸ்லி கோட்டுகள் தொங்கிய மூலைக்குப் போனார். திங்கட்கிழமை ஒப்படைக்கத் தோதாக நேற்றே தன் வீட்டுத் திறப்பை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சட்டைப் பையில் போட்டிருந்தார். அதை வெளியே எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செபக்கூடத்தின் பதினொரு திறப்பும் தொங்கிய வளையத்தை நகத்தால் நெம்பிப் பிடித்து, அதற்குள் வீட்டுத் திறப்பை மெல்ல மெல்லச் சுழற்றிக் கோர்த்தார்.